கீரைக்கொல்லைத் தூக்கம்

1986ஆம் ஆண்டு வைகாசி மாதம், பாரிவாக்கம் ஏரிக்குக் கீழே இருந்த நாகம்மாவின் கீரைக்கொல்லையில் பதினொரு லாரி டிரைவர்கள் பட்டப்பகலில் ஒரே சமயத்தில் தூங்கி, நாற்பது நிமிடம் கழித்து ஒரே சமயத்தில் எழுந்தார்கள். யாரும் யாரையும் எழுப்பவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள்போல் முகம் தெளிந்து, லுங்கியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, வண்டியேறிப் பெங்களூர்ப் பக்கம் போனார்கள். அன்றைக்கு ஊரில் இதைவிடப் பெரிய பேச்சு, பஞ்சாயத்துக் குழாயில் இரண்டாம் வேளையும் தண்ணீர் வந்ததுதான்.

காரணம் தெரியாத அதிசயமும் அல்ல இது. நாகம்மாவின் புருஷன் வரதன் லாரி ஓட்டியவன். 1979இல் வாலாஜா தாண்டி ஒரு வளைவில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே கண்ணயர்ந்தான். வண்டி புளியமரத்தில் போய் நின்றது. காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய நாள்முதல் நாகம்மாவுக்குக் கண் மூடவில்லை. ஒரு நிமிடம்கூட இல்லை. பூந்தமல்லி டாக்டர் கொடுத்த மாத்திரைகளில் பாதியை விழுங்கிப் பார்த்துவிட்டு மீதியை எருக்குழியில் போட்டாள். அதைக் கிளறிய கோழிகள் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. அவள் மட்டும் விழித்தே இருந்தாள். ஆனால் ஒரு மனுஷிக்கென்று தினமும் வரவேண்டிய தூக்கம் வராமல் இருக்குமா? வந்தது. அவள் குந்திக்கொண்டு களை பிடுங்குவதைப் பார்த்துக் காத்திருந்தது. வேறு போக்கிடம் இல்லாததால் அரைக்கீரைப் பாத்தியிலும் வரப்பிலும் இறங்கி ஊறியது. ஏழு வருஷத் தூக்கம் அப்படிச் சேர்ந்து கொல்லை முழுக்கத் ததும்பி நின்றபோதுதான் சங்ககிரிக்காரன் வேலுசாமி ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்டு இறங்கினான். வாளியைக் கையில் வாங்கியவன் அப்படியே சரிந்தான். எழுந்ததும் கூச்சப்பட்டான்.

"தூங்கிப் போட்டனுங்க அக்கா. கீரை மேலயே படுத்துட்டேன், கோவிச்சுக்காதீங்க."

"கீரை தழைஞ்சுக்கும் நைனா. மொகம் கழுவிகினு போ" என்றாள் நாகம்மா.

வேலுசாமி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவன் அல்ல. ஓசூர் வரைக்கும் ஒரு டீக்கடை விடாமல் சொல்லிக்கொண்டே போனான். அடுத்த வாரத்திலிருந்து கொல்லையோரம் லாரிகள் வரிசைகட்டி நின்றன. கீரையில் பாதி மிதிபட்டது. நாகம்மா ஒருவரையும் வையவில்லை. தூங்கி எழுந்து போகிற ஒவ்வொருவனையும், இவன் புளியமரத்தைத் தாண்டிவிடுவான் என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். அந்த நினைப்பு அவளுக்குச் சோறு தின்றதுபோல் இருந்தது.

1988இல் சாலைத் துறைக்கு ஒரு யோசனை வந்தது. பூந்தமல்லி நெரிசலைத் தொடாமல் போகப்போகிற புதிய சாலையில் லாரிக்காரர்களுக்கென்று ஓர் ஓய்வு நிலையம்: வண்டி நிறுத்தத் திடல், குளிக்கத் தொட்டி, கழிப்பறை, சாப்பாட்டுக்கடை, பஞ்சர் கடை, காலை நீட்ட ஒரு கூடம். லாரிகள் ஏற்கெனவே நிற்கிற இடமாகப் பார்த்து அளந்து வாருங்கள் என்று சர்வேயர் ஜம்புலிங்கத்தை அனுப்பினார்கள். அவர் அண்ணனூரிலிருந்து சைக்கிளில் வருவார். நல்ல மனிதர், வேலையில் கறார். ஆனால் அளவுச் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்தவன் தூங்கிவிழ, எழுப்பப் போன மறுமுனைக்காரனும் பக்கத்திலேயே படுத்துவிட்டால் கறார் என்ன செய்யும்? எழுப்பப் போன ஜம்புலிங்கமும் படுத்தார். ஐந்து நாள் வேலை ஏழு மாதம் நடந்தது. புதுச்சாலையின் விளிம்பைக் காட்ட ஏரியைப் பார்த்தபடி வரிசையாக ஆறு கல் நடச் சொல்லியிருந்தார். அரைத்தூக்கத்தில் இருந்த ஆட்கள் ஏழு நட்டுவிட்டார்கள். அவரும் அரைத்தூக்கத்தில்தான் எண்ணினார்.

அறிக்கையைப் படித்த மேலிடம், அளக்கப் போனவர்களே விழித்திருக்க முடியாத இடம் அரசுப் பணிக்கு லாயக்கில்லை என்று முடிவுசெய்தது. நிலையம் இரண்டு மைல் மேற்கே ஒரு புறம்போக்குப் பொட்டலுக்குப் போனது. சாலை மட்டும் நாகம்மாவின் கொல்லையை ஒட்டி, இரண்டு ஆள் உயர மேட்டின்மேல், இறங்க வழியில்லாமல் போகும். இது நாகம்மாவின் காதுக்கு வந்தது. மேட்டின்மேல் சிவந்த கண்ணோடு போகிற டிரைவர்களைக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருப்பதை அவளால் நினைக்க முடியவில்லை. கீரைக்கூடையை இறக்கிவைத்துவிட்டு அண்ணனூருக்கே நடந்தாள்.

"இன்னா சார், மேட்டு மேல போறவன் என் கொல்லையில எப்டி எறங்குவான்?"

"என் கையில இன்னாம்மா கீது? ஆர்டர் வந்துடுச்சு. மேடு போட, ஆடி பொறந்ததும் கல்லைப் புடுங்கிடணும்."

"அங்க கூடம் கட்டுவே, பாய் போடுவே. தூக்கத்துக்கு எங்க சார் போவே?"

ஜம்புலிங்கத்துக்கு அது தெரியாததல்ல. அந்தக் கொல்லையில் ஏழு மாதம் தூங்கியவர் அவர்.

கல்லைப் பிடுங்கக் கடப்பாரையோடு ஆட்கள் வந்தது ஆடி முதல் வெள்ளி கழிந்து. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஏரியோரம், வரிசையாக, ஏழு கல். ஆறாக இருந்திருந்தால் கல். எட்டாக இருந்தாலும் கல்தான். ஏழு என்றால் அந்தப் பக்கத்தில் அது கன்னிமார். யார் நட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. கன்னிமார் வந்த வழியைக் கேட்பது மரியாதையும் இல்லை. நாகம்மாவின் பக்கத்துக் கொல்லைக்காரி கன்னியம்மா முன்னால் நின்று மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை சொருகி, ஊரே திரண்டு கூழ் ஊற்றியிருந்தது. கடப்பாரைக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள், ஆளுக்கொரு சொம்பு கூழ் குடித்தார்கள், வந்த வழியே போனார்கள். அடுத்து அனுப்பிய ஆட்களும் அப்படியே. "கற்கள் நட்ட இடத்தில் நிலைத்துவிட்டன, அகற்ற ஆள் கிடைக்கவில்லை" என்று ஜம்புலிங்கம் எழுதினார். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. இரண்டு வருஷம் மேசை மேசையாக அலைந்த பிறகு, கல்லை நகர்த்துவதைவிட வரைபடத்தை நகர்த்துவது சுலபம் என்று அலுவலகம் கண்டுகொண்டது. மேடு தாழ்ந்தது, சாலை கன்னிமாரைச் சுற்றி வளைந்தது, லாரிகள் எப்படியும் அங்கேதான் நின்றன என்பதால் 1993இல் நிலையமும் அங்கேயே திறந்தது. நடுவில் கொல்லை மட்டும் தார் படாமல் நின்றது. வரைபடத்தில் அதற்குப் பசுமைப் பகுதி என்று பெயர்.

வேலுசாமிக்கு அப்போது காதோரம் நரைத்திருந்தது. ஒருநாள் காலை தூங்கி எழுந்தவன், இத்தனை வருஷத்தில் இந்த அக்கா படுத்துப் பார்த்ததே இல்லையே என்று யோசித்தான்.

"நீங்க எப்பத்தான் தூங்குவீங்க அக்கா?"

"நான் கண்ணை மூடினா இது வத்திடும்பா. ஏரி மாதிரிதான். மதகைத் திறந்துட்டா அப்புறம் உங்களுக்கு இன்னா இருக்கும்? முழிச்சுகினே இருந்து பழகிட்டேன், உடு."

பதினான்கு வருஷம். தான் தூங்கிய ஒவ்வொரு தூக்கமும் இவள் தட்டிலிருந்து எடுத்துத் தின்ற சோறு என்று வேலுசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. வாலாஜாவில் சொன்னான், கிருஷ்ணகிரியில் சொன்னான், சங்ககிரியில் லாரிப்பட்டறையில் சொன்னான். யாரும் கூட்டம் போடவில்லை, தீர்மானம் எழுதவில்லை. 1994 தை மாதம் ஒரு திங்கட்கிழமை முதல், கொல்லையில் படுத்த டிரைவர்கள் முப்பத்தைந்தாவது நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்தார்கள். மிச்சம் ஐந்து நிமிடத்தை வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு நாளைக்கு முந்நூறு லாரி, ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் இருபத்தைந்து மணி நேரம். நாளில் அடங்காத அந்த ஒரு மணி நேரம் வழிந்து பாரிவாக்கத்துக் கைக்குழந்தைகளுக்கும், ஆவடி குவார்ட்டர்ஸில் நைட் ஷிப்ட் முடித்து வந்தவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே அவர்கள் நன்றாகத் தூங்கினார்கள்.

நாகம்மா புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தூங்கினாள். பறித்த கீரையைக் கட்டிக்கொண்டிருந்தவள் கையில் நாரோடு வரப்பில் சாய்ந்தாள். பார்க்க வந்த ஜம்புலிங்கம் தன் குடையை விரித்து அவள் முகத்துக்கு நிழலாக நட்டுவைத்துவிட்டு, சத்தமில்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். கன்னியம்மா கீரையைக் கொண்டுபோய் விற்றுவந்தாள். மூன்று நாள், பூந்தமல்லிக்கும் திருமழிசைக்கும் நடுவே ஒரு லாரியும் ஹாரன் அடிக்கவில்லை. மாடு குறுக்கே வந்தபோதுகூட இறங்கிப்போய்த் தள்ளினார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் பெங்களூரிலிருந்து திரும்பி வந்த வேலுசாமி கொல்லையில் இறங்கியபோது அவள் கண்ணைத் திறந்தாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, லாரியையும் அதன் பக்கத்தில் நின்ற ஆளையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வந்து சேந்துட்டியா?" என்று கேட்டாள்.

"வந்து சேந்துட்டனுங்க" என்றான் வேலுசாமி.

அவள் எழுந்து உட்கார்ந்து, கூந்தலை முடிந்துகொண்டு, பசிக்கிறது என்றாள். சாப்பாட்டுக்கடையிலிருந்து சோறு வந்தது. அந்த நிலையத்தில் இன்றும் தூக்கம் முப்பத்தைந்து நிமிடம்தான், யாரும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.