நாற்பது காலி நாற்காலிகள்

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு டயர்க்கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, டிவியைத் தூக்கிக் கம்ப்ரசர்மேல் வைத்தான் கடைக்காரன். ரசிகர் மன்றத்துக்கு இதைவிட்டால் வேறு இடம் கிடையாது. லாண்டரிக்காரன் ஒரு லாரி டயருக்குள் இடுப்பை இறக்கி உட்கார்ந்தான். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் மட்டும் நாற்காலி கேட்டார். டயருக்குள் உட்கார்ந்தால் தன்னை எழுப்ப ஜாக்கி வைக்கவேண்டியிருக்கும் என்றார்.

திரையில் கூடைப்பந்து அரங்கம் தெரிந்தது. கடையிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். அங்கே போகாமல் இங்கே உட்கார்ந்து பார்ப்பதுதான் போராட்டம்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த அணி இந்த ஊரில் இருந்தது. அதன் பெயரிலேயே ‘மேற்கு’ இருந்தது. சுரங்கம் மூடி, ஆலை மூடி, ரயில் நாளைக்கு ஒன்றாகக் குறைந்த பிறகும், மேற்குப் பக்கத்து ஜனங்கள் எங்களுக்கும் ஒன்று இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள அது மிச்சமிருந்தது. முதலாளி அதைத் தலைநகருக்குக் கொண்டுபோனார். பெயரை மாற்றினார். துரு நிறச் சட்டையை நீலமாக்கினார். இப்போது சீசன் தொடங்குமுன், கோடையில் ஒரே ஒரு காட்சிப் போட்டிக்கு, பழைய துரு நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு அணி வந்திருக்கிறது. ‘மேற்குக்கு எங்கள் மரியாதை’ என்று தெருவெல்லாம் பேனர்.

“மரியாதையாம்! பொண்டாட்டிய விட்டுட்டு ஓடினவன், கல்யாணச் சட்டையப் போட்டுக்கிட்டு அவ வீட்டுக்கே விருந்துக்கு வந்த மாதிரி இருக்கு,” என்றான் லாண்டரிக்காரன்.

“வரலன்னாலும் நீ திட்டத்தான் போறே,” என்றார் வாத்தியார். “சின்னப் பசங்களுக்கு மேற்குன்னா பஸ் போர்டுல எழுதியிருக்கற திசை, அவ்வளவுதான். ஒரு நாளாவது கண்ணால பாக்கட்டுமே.”

“பாத்துட்டு? நாளைக்கே போயி நீலச் சட்டை வாங்குவான் சார்.”

டயர்க்காரன் சிரிக்கவில்லை. யோசனை அவனுடையது. அந்த நாளில் மன்றத்தார் எப்போதும் உட்கார்ந்த மூலையில் நாற்பது இருக்கைகளுக்கும் டிக்கெட் எடுப்பது, எடுத்துவிட்டு ஒருவரும் போகாமலிருப்பது. கத்தினால் ஒரு நிமிஷம் காட்டுவார்கள். காலி நாற்காலியை ஆட்டம் முழுக்கக் காட்டித்தான் ஆகவேண்டும். வேறு யாரும் வந்து உட்காராமல் பார்த்துக்கொள்ள பஸ் கண்டக்டர் ஒருவரை மட்டும் உள்ளே அனுப்பியிருந்தார்கள். அவரும் உட்காரக்கூடாது. முப்பது வருஷம் நின்றே சம்பாதித்தவனுக்கு இதெல்லாம் பெரிய விஷயமா என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

டயர்க்காரனுக்கு ஒரு தம்பி உண்டு. வாத்தியாரைத் தவிர மன்றத்தில் யாருக்கும் இன்று அவன் முகம் ஞாபகமில்லை. அணியின் மூட்டை தூக்குவது, தண்ணீர் கொடுப்பது, ஆட்டத்தின் நடுவே தரையில் விழும் வியர்வையைத் துடைப்பது தம்பியின் வேலை. அணி போனபோது வேலையோடு அவனும் போனான். அன்றைக்கு பஸ்ஸை மறித்த கூட்டத்தில் அண்ணன் முதல் ஆளாக நின்றான். ஜன்னலில் தெரிந்த முகத்தைப் பார்த்து, “இனிமே எனக்குத் தம்பியே கெடையாதுடா!” என்று கத்தினான். கூட்டம் விசிலடித்தது. அந்த விசிலில்தான் அவன் மன்றத்துக்குத் தலைவனானான்.

மூன்று நாளைக்கு முன் போன் வந்தது.

“அண்ணே, நான்தான். டீமோட வர்றேன். ஆட்டம் முடிஞ்ச கையோட பஸ்ல ஏத்திடுவாங்க. நீ வந்தா உள்ளயே பாத்துக்கலாம். நம்ம பழைய எடத்துலதான உக்காருவே?”

“பாக்கலாம்,” என்றான்.

வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். கடைக்கு வந்துட்டுப் போடா என்றும் சொல்லியிருக்கலாம். கையில் பஞ்சர் பசை இருந்தது. அதைச் சாக்காக வைத்துப் போனை வைத்துவிட்டான்.

ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிஷத்தில் காமிரா காலி மூலைக்குப் போனது. மேற்கு இன்னும் மறக்கவில்லை என்றார் வர்ணனையாளர். லாண்டரிக்காரன் டயரோடு சேர்ந்து துள்ளினான். “அண்ணே, கலக்கிட்டண்ணே! நாடே பாக்குது!”

அடுத்த காட்சியில் தம்பி வந்தான், வேலையாட்களுக்கான நீலச் சட்டையில். கூடைக்குக் கீழே முட்டிபோட்டுத் தரையைத் துடைத்தான். உச்சந்தலையில் முடி கொட்டி அப்பா தலை மாதிரியே ஆகியிருந்தது. எழுந்திருக்கும்போது உள்ளங்கையைத் தரையில் ஊன்றினான். வலது கால் மடங்கவில்லை. அதை இழுத்துக்கொண்டுதான் ஓரத்துக்குப் போனான்.

எப்போதிலிருந்து இந்தக் கால்? போனில் சொல்லவில்லையே. இவன் எங்கே சொல்லவிட்டான்? வாத்தியார் திரையைப் பார்த்தார், பிறகு இவனைப் பார்த்தார். அண்ணன் தம்பி இரண்டு பேருமே அவரிடம் படித்தவர்கள்.

இடைவேளையில் காமிரா மறுபடி மூலைக்கு வந்தபோது லாண்டரிக்காரன் அலறினான். “யாரோ உக்காந்திருக்கான்! நீலச் சட்டை! காலை வேற நீட்டிக்கிட்டு... கொழுப்பப் பாருண்ணே!”

மூன்றாவது வரிசை ஓரத்தில் தம்பி உட்கார்ந்திருந்தான். தோளில் துண்டு. முன் நாற்காலிக்கு அடியில் வலது காலை நீட்டி, முட்டியைத் தேய்த்துக்கொண்டே, கதவு வழியாக வருகிற ஒவ்வொரு ஆளையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

போன் அடித்தது. லாண்டரிக்காரன் ஸ்பீக்கரில் போட்டான். கண்டக்டர்.

“தலைவரே, ஒருத்தன் வந்து உக்காந்துட்டான். கேட்டா, அண்ணன் வருவாரு, அதுவரைக்கும்னு சொல்றான். என்ன பண்ணட்டும்?”

“எந்த நொண்ணன்? எழுப்பிவிடுய்யா!”

“நீ சும்மா இருடா,” என்றார் வாத்தியார். “தலைவர் சொல்லட்டும்.”

போன் அவன் முகத்துக்கு நேரே நீண்டது. பத்து நிமிஷ நடை. ஓடினால் ஐந்து. குனிந்தால் ஷட்டருக்கு அடியில் தெரு. நடுநாயகமாக டிவி, எதிரே இரண்டு முகம், ஒன்று சந்தோஷத்தில் பளபளத்தது, மற்றது காத்திருந்தது.

“அவன்...” என்று தொடங்கினான்.

“கேக்கல தலைவரே, இங்க பாட்டு போடறாங்க. எழுப்பிடவா?”

“ம்.”

அது சம்மதமில்லை என்று பிறகு தனக்குத்தானே எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். போன் கட்டானது.

திரையில் கண்டக்டர் குனிந்து ஏதோ சொன்னார். தம்பி எதிர்த்துப் பேசவில்லை. எழுந்திரு என்று கேட்டே பழகியவனைப்போல உடனே எழுந்தான். தோளிலிருந்த துண்டை எடுத்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் துடைத்தான். சாய்மானத்தைத் துடைத்தான். இரண்டடி நகர்ந்தவன் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். யாருமே உட்காராத பக்கத்து நாற்காலியையும், கைப்பிடியோடு சேர்த்து, மெதுவாகத் துடைக்கத் தொடங்கினான்.