வயிற்றில் ஏற்றிய மாவிளக்கு

1978 ஜூலையில் வேலூரில் என் கணவர் சகாதேவனின் இரைப்பையில் பாதியை வெட்டி எடுத்தார்கள். பஸ் கண்டக்டர் வேலை. வேளை தவறிச் சாப்பிட்டு வந்த புண். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"மேல் தையல் பத்து நாள்ல காஞ்சிடும். அதைப் பாத்து ஏமாந்துடாதீங்க. உள்ள ஒட்ட ஒன்றரை மாசம் ஆகும். அதுவரைக்கும் கெட்டியா எதுவும் கூடாது, இனிப்பு கூடாது. அரை டம்ளர் கஞ்சி, ஒரு நாளைக்கு ஆறு தடவை."

காலண்டரில் ஆகஸ்ட் முப்பதை வட்டமிட்டு வைத்தேன்.

அவருடைய அக்கா ஆதிலட்சுமி அடி அண்ணாமலையிலிருந்து தினமும் வந்தாள். வாசலிலேயே ஆரம்பித்துவிடுவாள்.

"இன்னாம்மா டீச்சரு, இன்னிக்கும் கஞ்சித் தண்ணிதானா? எங்கூட்டுக் கன்னுக்குட்டிக்கே இத்த விட ஜாஸ்தி வெக்கிறோம்."

"டாக்டர் சொன்னதுங்க அண்ணி."

"சட்டையத் தூக்குடா." தழும்பை விரலால் தடவிப் பார்த்தாள். "நல்லாக் காஞ்சு கெடக்குது. எங்க இருக்குது புண்ணு?"

"உள்ள இன்னும் ஒட்டல."

"நீ உள்ள பூந்து பாத்தியா?"

அவர் சிரித்துவிட்டார். சிரித்தால் வலிக்கும், தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டார். அந்தச் சிரிப்பையும் நான் மன்னிக்கவில்லை.

ஆபரேஷன் அன்று அவள் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள்: தம்பி பிழைத்தால் அவன் வயிற்றின் மேல் மாவிளக்கு ஏற்றுவதாக. ஆடிக் கடைசி வெள்ளிக்கு நாள் குறித்தாள். அது ஆபரேஷன் முடிந்து இருபத்து மூன்றாம் நாள்.

"விளக்கு ஏத்துங்க. மாவு மட்டும் அவர் வாயில படக்கூடாது" என்றேன்.

"படாது. ஆத்தா மேல சத்தியம்."

கோயிலில் அவரைப் படுக்கவைத்து, வயிற்றின் மேல் ஈரத்துணியும் வாழையிலையும் போட்டு, வெல்லம் பிசைந்த பச்சரிசி மாவை வைத்து நெய்த்திரியை ஏற்றினார்கள். அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"டீச்சர், கரண்ட் பில்லு ஏறுது பாரு."

விளக்கு மலையேறியதும் ஆதிலட்சுமி எலுமிச்சை அளவுக்கு மாவை உருட்டினாள்.

"அண்ணி, சத்தியம் பண்ணீங்க."

"வேண்டுதல்காரன் துன்னலைன்னா ஆத்தாவுக்குக் குத்தம்." பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "பாத்துக்குங்க. கட்டின புருசன பட்டினி போட்டே சாவடிக்கிறா. செத்தா கவுர்மெண்ட்டு சம்பளத்துல சொகமா இருக்கலாம்ல?"

யாரோ சிரித்தார்கள். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேண்டாம் என்றிருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

"ஊட்டுங்க" என்றேன். "நல்லா ஊட்டுங்க. அப்பவாவது உங்க வாய் மூடுதா பாப்போம்."

அவள் ஊட்டினாள். ஒன்றல்ல, மூன்று உருண்டை. மூன்று வாரக் கஞ்சிக்குப் பிறகு அவர் அதை எவ்வளவு ஆசையாக மென்றார் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒரு மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டியது. பிறகு வயிறு பலகை போல் இறுகியது. வாடகைக் கார் பிடித்து வேலூர் புறப்பட்டோம். கண்ணமங்கலம் தாண்டும்போது என் மடியில் இருந்த தலை பாரமானது. மாவு ஊறி அடைத்துக்கொண்டு உள்தையல் பிரிந்திருக்கும் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

பதினாறாம் நாள் காரியத்தில் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் எதிரில் ஆதிலட்சுமி கத்தினாள். "நீதாண்டி ஊட்டச் சொன்ன!"

"ஆமா" என்றேன். "நீங்கதான் ஊட்டினீங்க."

அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. போன மாதம் அவள் செத்ததாகச் சொல்லி அனுப்பினார்கள். நான் போகவில்லை. மாவிளக்கு ஏற்றிய அன்றைக்கு, நான் வட்டமிட்ட தேதிக்கு அவருக்குப் பத்தொன்பது நாள்தான் மீதி இருந்தது.