வெளுத்தவனுக்கு ஏற்ற இரை

குலசாமியின் விலை நாற்பது லட்சம் சீஃபா பிராங்க். லோமே வியாபாரி எக்குவே போனில் சொன்ன விலை அது, விமானக் கூலி தனி.

கடலோரம் போனால், குலசாமியான இந்த ஜாதி மலைப்பாம்பு சாலையைக் கடக்கும்போது மோட்டார் சைக்கிளை நிறுத்தி, செருப்பைக் கழற்றி, "அப்பா, பார்த்துப் போங்க" என்று சொல்கிற ஜனங்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் விலை கேட்டால் திரும்பி வரும்போது வாயில் பல் இருக்காது. ஹுவேஃபா உள்நாட்டுக்காரி. அவள் குலத்துக்குப் பாம்பு சாமி இல்லை, சரக்கு. அல்லாடா சந்தைக்குப் பின்னால் அவளுடைய தகரக் கொட்டகையில் முந்நூறு டப்பாக்கள், டப்பாவுக்கு ஒரு மலைப்பாம்பு. முழ நீளத்திலிருந்து மூன்று முழம் வரை இருக்கும், தொட்டால் பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும் சாதுப் பிராணிகள். வெளிநாட்டுக்காரர்கள் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்க்க வாங்கிப் போகிறார்கள்.

"குலைக்காது, சோறு ஆறிப்போச்சுன்னு சண்டை போடாது," என்பாள் ஹுவேஃபா. "எனக்கு இப்படி ஒரு புருஷன் வாய்ச்சிருந்தா நான் ஏன் கடை வைக்கப்போறேன்?"

சிக்கல் ஒன்றுதான். தின்னாத பாம்பை எவனும் வாங்க மாட்டான். தின்ன வைக்கிற தொழிலில் ஹுவேஃபாவை மிஞ்ச ஆள் கிடையாது. பாம்பின் உடம்பில் எந்த இடம் அதிகத் தடிப்போ அந்தத் தடிப்புக்குத்தான் இரை. அதற்கு மேல் கொடுத்தால் கக்கிவிடும், கீழே கொடுத்தால் தேறாது. பாம்பு பெருக்கப் பெருக்க இரையும் பெருக்க வேண்டும். சின்ன ஆணுக்குக் கோழிக்குஞ்சு, வளர்ந்ததற்கு வயல் எலி. வெளிநாட்டில் கிடைப்பதோ வெள்ளை எலி. வயல் எலியில் ருசி கண்ட பாம்பு அதை ஏறெடுத்தும் பார்க்காது. அதற்கும் அவளிடம் வழி உண்டு. வயல் எலி படுத்துப் புரண்ட வைக்கோலில் வெள்ளை எலியை நன்றாகப் புரட்டி எடுத்து நீட்டுவாள். பாம்புக்கு வாசனைதான் கண். பழைய வாசனையோடு புது இரையை ஒரு தடவை விழுங்கிவிட்டால் போதும், பழையதை மறந்துவிடும்.

ஒவ்வொரு டப்பாவிலும் ஓர் அட்டை ஒட்டியிருக்கும்: தேதி, கொடுத்த இரை, தின்றதா, எடை. வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து எழுதுவாள். நாலு பங்கு இரை உள்ளே போனால் ஒரு பங்கு உடம்பில் ஏறும் என்பது அவள் கண்ட கணக்கு.

நாற்பது லட்சம் பெறும் அந்தப் பாம்பைக் கொண்டுவந்தவன் அவள் தம்பி சாக்போ. கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்தவன். அப்படிப் பிறக்கிற பிள்ளைக்கு அந்தப் பெயர்தான். அம்மா பிரசவத்தோடு போய்விட, பதினான்கு வயது ஹுவேஃபாதான் அவனை முதுகில் கட்டிக்கொண்டு சந்தையில் மக்காச்சோளம் விற்றாள். இப்போது அவனுக்கு இருபத்தெட்டு. மண்வெட்டியோடு வயல் வயலாகப் போய் வளை தோண்டிப் பாம்பு பிடிப்பது அவன் வேலை.

"அக்கா, இதைப் பாரு." வெள்ளைத் துணி மூட்டையை அவிழ்த்தான். உள்ளே இருந்தது கறுப்பும் பழுப்புமாக இல்லை. வெந்த கிழங்கின் நிறம். கண் மட்டும் கறுப்பு.

"எங்க புடிச்ச?"

"கடலோரமா, மரவள்ளிக் கொல்லையில. சின்ன மேடு. தோண்டினா எலும்பா வந்துச்சு, பாம்பு எலும்பு. அதுக்கு நடுவுல இவன் படுத்திருந்தான்."

"துணி?"

"அதுவும் அங்கதான் கெடந்துச்சு. நல்ல துணியா இருக்கேன்னு அதுலயே கட்டிட்டேன்."

ஹுவேஃபா துணியை விரித்துப் பார்த்தாள். கடலோரத்தார் செத்துக் கிடக்கும் பாம்பைக் கண்டால் மனிதனுக்குச் செய்வது போல வெள்ளைத் துணி சுற்றிப் புதைப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். சாக்போவுக்கும் தெரியும். ஆனால் அது அவர்களுடைய சாமி, அவர்களுடைய பிணம். நம் கணக்கில் அது ஏன் வரவேண்டும்? துணியைச் சோப்புப் போட்டு அலசிக் காயப்போட்டாள். பாம்பைத் தராசில் வைத்தாள். நானூறு கிராம்.

வெளுத்தவன் என்று பெயர் வைத்தார்கள். வெளுத்தவன் தின்னவில்லை.

கோழிக்குஞ்சு கொடுத்தாள், வேண்டாம். வயல் எலி, வேண்டாம். வெள்ளை எலியை வைக்கோலில் புரட்டி விட்டாள். அது டப்பாவுக்குள் ஒரு சுற்று சுற்றி, பாம்பின் சுருளுக்கு மேல் ஏறி உட்கார்ந்து நிதானமாக முகம் கழுவியது. எலி பாம்பைக் கண்டு நடுங்குவதை ஹுவேஃபா ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். இது கல்லின் மேல் உட்கார்வது போல உட்கார்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை தராசில் வைத்தாள். அறுநூற்றைம்பது.

தராசைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். அறுநூற்றைம்பதுதான். அடுத்த வெள்ளி தொள்ளாயிரம். அட்டையில் 'தின்றதா' என்ற கட்டத்தில் இல்லை, இல்லை, இல்லை என்று ஒரே பத்தியாக இறங்க, பக்கத்தில் எடை ஏறிக்கொண்டே போனது.

"திருட்டுத்தனமா எலிக்கூண்டுக்குப் போறானோ?" என்றான் சாக்போ.

"எலிய எண்ணிட்டேன். மூடிக்குக் கல்லு வச்சிருக்கேன்."

"அப்ப காத்தைக் குடிக்கிறான். செலவில்லாத சரக்கு, உனக்கு என்ன குறை?" அவன் பாம்பை எடுத்துத் தோளில் விட்டான். அது தோளில் நிற்காது. நேராகக் கழுத்தைத் தேடிப் போய் ஒரு சுற்றுச் சுற்றி, தலையை அவன் தொண்டைக் குழியில் வைத்துக்கொள்ளும். சாக்போ சிரிப்பான். "பொறக்கும்போது சுத்தியிருந்த இடம்தான். எனக்குப் பழக்கம்."

பாலைக்காற்று தூசியைக் கொண்டுவந்து பகலைச் சாம்பலாக்கியிருந்த ஐந்தாவது வெள்ளி, சாக்போ ஏணியில் ஏறும்போது அவன் கால்சட்டை வழுக்கி இறங்கியது. கயிறு கட்டியிருந்தான். ஹுவேஃபா கையிலிருந்த அட்டையை வைத்தாள்.

"வேளைக்கு மூணு உருண்டை அக்காசாக் களி தின்னுற. எங்கடா போகுது?"

"ஆஸ்பத்திரியில ரத்தம் பார்த்தாங்க. ஒண்ணுமில்லையாம். உன் கண்ணு பட்டிருக்கும்."

"கொக்கியில தொங்கு."

மக்காச்சோள மூட்டை நிறுக்கும் பெரிய தராசு கொட்டகை உத்தரத்தில் இருந்தது. ஐந்து வாரம் முன்பு, அறுவடை முடிந்த களிப்பில் இருவரும் அதில் தொங்கிப் பார்த்திருந்தார்கள். சாக்போ அறுபத்தொன்று. ஹுவேஃபா தொண்ணூற்றாறு, "தராசுக்காரன் என்கிட்ட நஷ்ட ஈடு கேப்பான்" என்று அன்றைக்கெல்லாம் கேலி செய்தான். இப்போது அவன் தொங்கினான். முள் ஐம்பத்தாறில் நின்றது.

அன்று காலை வெளுத்தவன் ஆயிரத்து அறுநூற்றைம்பது. ஏறியது ஒண்ணேகால் கிலோ. அதை நாலால் பெருக்கினால் ஐந்து கிலோ. பேப்பரும் பென்சிலும் வேண்டியிருக்கவில்லை.

"என்னக்கா முழிக்கிற?"

"ஒண்ணுமில்ல. இறங்கு."

அன்று மாலையே எக்குவே வந்தான். வெளுத்தவனைக் கண்டதும் வியாபாரி முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியாமல் தவித்தான்.

"தின்னுதா முதலாளியம்மா?"

"எடையப் பாருங்க முதலாளி. தின்னாமலா?"

"என்ன தின்னுது?"

ஹுவேஃபா டப்பாவின் அட்டையைக் கையால் மறைத்தாள். "அது பார்த்து எடுத்துக்கும்" என்றாள்.

பத்து லட்சம் முன்பணம், ஒரு வாரம் பார்த்துவிட்டு மீதி என்று பேசி, எக்குவே பாம்பை எல்லை தாண்டி லோமேக்குக் கொண்டுபோனான். தொலைந்தது சனியன் என்று ஹுவேஃபா பெருமூச்சு விட்டாள். தம்பிக்கு ஆட்டுக்கறி வாங்கிப் போட்டாள்.

அடுத்த வெள்ளி போன் செய்தாள். "எடை எவ்வளவு?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரம். எலியைத் தொடவே இல்ல, ஆனா ஏறுது. அதிசயமான சரக்கு, அடுத்த மாசம் கப்பல்ல இல்ல, விமானத்துல..."

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே சாக்போவுக்குக் கொக்கியைக் காட்டிச் சைகை செய்தாள். ஐம்பத்தைந்து. கொக்கியை விட்டு இறங்கியவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். அவன் கழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குத் தோல் வெளுத்திருந்தது.

"முதலாளி," என்றாள் போனில், "என் சாமியத் திருப்பிக் கொண்டாங்க. பணத்தை இப்பவே எண்ணி வைக்கிறேன்."

எக்குவே கெட்ட வார்த்தையில் திட்டினான், வாங்கிக் கட்டிக்கொண்டாள். இருட்டுவதற்குள் டப்பாவோடு அவனே வந்து சேர்ந்தான்.

அடித்துக் கொன்றுவிடலாமா என்று யோசித்தாள். இரை பாதி உள்ளே போன பாம்பை அடித்தால் பாம்புதான் சாகும், இரை பிழைத்து அவள் பார்த்ததில்லை. பழைய மேட்டிலேயே விட்டுவிடலாமா? லோமேயில் இருந்துகொண்டு தின்றது, மேட்டிலிருந்து தின்னாதா? பட்டினி போடலாம் என்றால் அது இவள் கொடுத்ததையா தின்கிறது? சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே வேலையில் வந்து நின்றாள். ஒரு இரையை விடாத பாம்புக்கு வேறு இரையைக் காட்ட வேண்டும். தடிப்புப் பார்த்துக் காட்ட வேண்டும். வெளுத்தவன் இப்போது பெருத்திருக்கிறான், சாக்போ அவனுக்குச் சின்ன இரை. பழைய வாசனை மட்டும் இருந்தால் போதும்.

எக்குவே எலும்பும் சதையுமாக வாசலில் நின்று பணத்தை எண்ணிக்கொண்டிருந்தான். எண்பது கிலோ தேறுவான். சாக்போவின் அழுக்குச் சட்டையை அவன் தோளில் துண்டு போலப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? ஹுவேஃபா சட்டையைக் கையில் எடுக்கவும் செய்தாள். எக்குவே நிமிர்ந்து பார்த்து, "என் சின்னப் பொண்ணுக்கு இந்தப் பாம்பைக் காட்டினேன். அழகா இருக்குன்னு கழுத்துல போட்டுக்கக் கேட்டா. நான்தான் விடல" என்றான்.

அவன் போகும்வரை அவள் சட்டையைக் கையிலேயே வைத்திருந்தாள்.

பிறகு கொட்டகைக்குள் போய், வேர்வை காய்ந்து விறைத்த அந்தச் சட்டைக்குள் தன் உடம்பைத் திணித்தாள். பொத்தான் ஒன்றும் எட்டவில்லை. அவன் படுக்கைத் துணியால் கழுத்தையும் முகத்தையும் அழுந்தத் தேய்த்துக்கொண்டு, டப்பாவைத் திறந்தாள்.

வெளுத்தவன் தலையைத் தூக்கினான். நாக்கு அவள் மணிக்கட்டில், முழங்கையில், தோளில் பட்டுப் பட்டு ஏறியது. கழுத்துக்கு வந்து நின்றான். வெகுநேரம் நின்றான். சந்தையில் பழம் அமுக்கிப் பார்க்கிற கிழவிகள் அப்படித்தான் நிற்பார்கள். பிறகு ஒரு சுற்று. பாம்பு குளிர்ந்த பிராணி. இவனோ, அப்போதுதான் சாப்பிட்டு எழுந்த ஒருவனின் வயிறு போலச் சூடாக இருந்தான். தலை தொண்டைக் குழியில் அடங்கியது.

"அக்கா?" வாசலில் சாக்போ. "என் சட்டையில உனக்கு என்ன வேலை? தையல் விட்டா யாரு தைக்கிறது?"

"என்னோடது காயல."

"அவன் என்ன, உன்கிட்ட வந்துட்டான்?" சாக்போ கை நீட்டினான். வெளுத்தவன் அவன் பக்கம் நாக்கைக்கூட நீட்டவில்லை. "பார்த்தியா, மறந்துட்டான்."

"மறக்கட்டும். போய்ச் சாப்பிடு, கறி மிச்சமிருக்கு."

அடுத்த வெள்ளி சாக்போவை முதலில் நிறுத்து அனுப்பிவிட்டு, கதவைத் தாழிட்டுக்கொண்டு பாம்பையும் தன்னையும் நிறுத்தாள். தன் எடை அறுபது கிலோவுக்குக் கீழே இறங்கினால் தன்னால் கடைக் கதவைத் தூக்க முடியாது என்று ஒரு மதிப்புப் போட்டாள். அட்டையில் ஏழாவது வரியை, கட்டத்துக்கு வெளியே போகாமல் எழுதினாள்:

கொடுத்த இரை, ஹுவேஃபா. தின்றதா, ஆம். பாம்பு, இரண்டாயிரத்து நூற்றைம்பது கிராம். சாக்போ, ஐம்பத்தைந்து கிலோ, குறையவில்லை. நான், தொண்ணூற்றைந்து. கையிருப்பு, முப்பத்தைந்து வெள்ளிக்கிழமை.