தூங்குகிற பாம்பு

மாத்திரை டப்பாவை மகள் குலுக்கினாள். ஓடுகிற காரில் பகடை உருண்டு சீட்டுக்கு அடியில் போய்விடும் என்பதால், கண்ணாடி டப்பாவுக்குள்ளேயே போட்டுக் குலுக்குவது அப்பா கண்டுபிடித்த வழி.

"அப்பாவுக்கு நாலு. பாம்பு."

"அந்தப் பாம்பு தூங்குதும்மா," என்றார் அவள் மடியில் தலைவைத்துக் கிடந்த அப்பா. குரலில் பாதி காற்றுதான் வந்தது.

"ஆரம்பிச்சிட்டார்யா," என்றாள் முன் சீட்டிலிருந்து அம்மா. "உங்கப்பாவுக்கு மட்டும் எல்லாப் பாம்பும் தூங்கும். தொலையட்டும், மறுபடி போடு."

இனி ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். வீட்டுக்குப் போகணும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். வழிக்குப் பொழுதுபோக வேண்டாமா என்று காந்தக் காய் ஒட்டும் பாம்பு ஏணிப் பலகையையும் கேட்டு வாங்கிக்கொண்டார். சாகிற நேரத்திலும் மனுஷனுக்கு விளையாட்டு!

அம்மாவுக்குக் காரில் திரும்பிப் பார்த்தால் குமட்டும். கல்யாணமான நாளிலிருந்து காதாலேயே ஆடுகிறாள். அப்பா பாம்புக்கடி வாங்கிக்கொண்டு பேசாமல் கீழே இறங்கிய சரித்திரமே கிடையாது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அந்த ரகம்.

மலையிறக்கம் தொடங்கிய இடத்தில் மடியிலிருந்த தலை கனத்தது. மகள் அவர் மூக்கருகே விரலை வைத்தாள். மூச்சில்லை. மறுபடி வைத்துப் பார்த்தாள்.

ஒரு பக்கம் பள்ளம், எதிரே வரிசையாக லாரிகள். ஓட்டுவது அண்ணன். அழ ஆரம்பித்தால் அவனுக்குக் கண்மண் தெரியாது, சின்ன வயதிலிருந்தே அப்படி. சமதரைக்கு இறங்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"என்ன சத்தத்தையே காணோம்? அவர் முறைதானே?" என்றாள் அம்மா.

மகள் டப்பாவை எடுத்தாள். ஒரு தரம் குலுக்கினாள்.

"மூணும்மா."

"மூணுன்னா எங்க வருது?"

வேறெதுவும் யோசிக்க வரவில்லை. பலகையில் கண்டதை அப்படியே சொன்னாள். "பாம்புலம்மா. கீழ இறக்கிட்டேன்."

அம்மா காத்திருந்தாள். பின்னாலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அவள் திரும்பவில்லை.

வளைவு ஒன்று கடந்த பிறகு மகனிடம், "மெதுவாவே ஓட்டுப்பா," என்றாள்.

"அப்பாவ சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்க வேணாமாம்மா?"

"அவசரம் ஒண்ணுமில்ல. நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."

இரண்டு சீட்டுக்கும் நடுவே அம்மாவின் கை பின்னால் வந்தது. தடவித் தடவி அப்பாவின் விரல்களைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டது.

"அந்தப் பாம்பு தூங்குதுடி," என்றாள். "மறுபடி போடு."

மகள் அப்பாவின் காயைப் பழைய கட்டத்திலேயே ஒட்டிவிட்டு, டப்பாவைக் குலுக்கினாள்.