யாருமில்லாத இடத்தில் எதற்கு லைட்டு

என் மாமனாருடைய வலது கை தனி ஆள். ஏதாவது ஒரு கதவைத் தாண்டினால் போதும், அது தானாக எழும், சுவரைத் தடவும், ஸ்விட்சைத் தட்டும், இறங்கிவிடும். அறைக்குள் ஆள் உண்டா என்பதெல்லாம் அந்தக் கையின் கவலை இல்லை. "யாருமில்லாத எடத்துல எதுக்கு லைட்டு" என்று வாய் ஒத்து ஊதும்.

நான் குளித்துக்கொண்டிருக்கும்போது அணைந்திருக்கிறது. வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் வாய்க்குக் கொண்டுபோன சோற்றோடு இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். என் மகள் பாத்ரூமுக்கு டார்ச் லைட்டோடுதான் போவாள். கேட்டால், "நானா? நான் எப்போ அணைச்சேன்?" என்பார். பொய் இல்லை. சத்தியமாக அவருக்குத் தெரியாது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். தெரிந்து செய்தாலாவது சண்டை போடலாம்.

கரண்ட் ஆபீசில் மீட்டர் கணக்கெடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஊர் மீட்டரையெல்லாம் பார்த்தவருக்குக் கடைசியில் மிஞ்சியது எங்கள் வீட்டு மீட்டர் ஒன்றுதான். காலையில் பேப்பருக்கு முன்னால் அதைப் படிப்பார். முகம் கோணியிருந்தால், முந்தின நாள் நான் இஸ்திரி போட்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

வீட்டோடு போகட்டும் என்று விட்டுவிட்டேன். படகுக்குப் போனதுதான் வினை.

என் வீட்டுக்காரர் ஓட்டுவது ஒரு சின்ன லாஞ்சு. துறைமுகத்துக்கு வெளியே நிற்கிற பெரிய கப்பல்களுக்குத் தண்ணீர் டிரம், காய்கறி, சோப்பு, பேட்டரி என்று கேட்டதைக் கொண்டுபோய்க் கொடுப்பார். கூட வரும் ஆள் தங்கை கல்யாணம் என்று லீவு போட்டுவிட்டான். "நான் வர்றேன்டா, வீட்ல சும்மாதானே இருக்கேன்" என்று மாமா கிளம்பினார். அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன். ஒரு ராத்திரியாவது வெளிச்சத்தில் சமைக்கலாமே.

திரும்பி வரும்போது இன்ஜின் நின்றுவிட்டது. விடிந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்று முகத்துவாரத்துக்கு வெளியே நங்கூரத்தைப் போட்டார் இவர். அப்படி ராத்திரியில் நிற்கிற படகு, உச்சியில் ஒரு வெள்ளை விளக்கு எரியவிட வேண்டும். நாலு பக்கமும் தெரிய வேண்டும். நான் நகர மாட்டேன், நீ ஒதுங்கிப் போ என்று அதற்கு அர்த்தம். இவர் விளக்கைப் போட்டார். "அப்பா, கொஞ்சம் கண்ணசந்துக்கிறேன், பாத்துக்கோங்க" என்று உள்ளே போய்ப் படுத்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த மாமா, குளிர்கிறது என்று போர்வை எடுக்க உள்ளே போனார். போனவர் அப்படியே உட்கார்ந்து தூங்கிவிட்டார். அந்த விளக்கின் ஸ்விட்ச் கேபின் கதவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

மணல் ஏற்றி வந்த படகு ஒன்று நேராக வந்து லாஞ்சின் இடுப்பில் மோதியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுவரைக்கும் புண்ணியம். பலகை பிளந்தது. காலித் தண்ணீர் டிரம்களெல்லாம் கடலில் விழுந்து, யாரும் ஓட்டாமலேயே கரைக்கு வந்து சேர்ந்தன.

விடிந்ததும் துறைமுகத்திலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். பல்பு நன்றாக இருந்தது. வயர் நன்றாக இருந்தது. பேட்டரியில் சார்ஜ் இருந்தது. ஸ்விட்ச் மட்டும் அணைந்திருந்தது.

நிற்கிற படகில் ஓடுகிற படகு மோதினால் பொதுவாக ஓடுகிற படகின் மேல்தான் பழி. ஆனால் நிற்கிற படகு விளக்கே போடவில்லை என்று ஆகிவிட்டால் கதை மாறிவிடும். எங்கள் துறைமுகத்தில் அதற்கு ஒரு வருஷம் லைசென்சைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள். லைசென்ஸ் இல்லாமல் ஒரு வருஷம் என்றால் கப்பல்காரர்கள் வேறு லாஞ்சுக்குப் போய்விடுவார்கள். போனவர்கள் திரும்பி வரவே மாட்டார்கள். இவருக்கு வேறு தொழிலும் தெரியாது. தரையில் நடப்பதே இவருக்கு அரைகுறையாகத்தான் வரும்.

"விசாரணையில என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டேன்.

"போட மறந்துட்டேன்னு சொல்லப் போறேன்."

"போட்டீங்கல்ல?"

"போட்டேன்."

"அப்புறம் ஸ்விட்ச அணைச்சது யாரு? கடல்லேர்ந்து சுறா ஏறி வந்து அணைச்சுதா?"

இவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பாவக் கேட்டேன். தொடவே இல்லங்கறாரு. ஊர்க்காரங்க முன்னாடி வச்சு அப்பா பொய் சொல்றாருன்னு நான் சொல்லணுமா? விடு."

"விடறதா? லைசென்ஸு போனா என்னத்தைத் திங்கறது, உங்க கௌரவத்தையா?"

இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். நல்ல மனுஷன். நல்ல மனுஷனைக் கட்டிக்கொண்டால் சண்டையெல்லாம் நாம்தான் போட வேண்டியிருக்கிறது.

நானே மாமாவிடம் கேட்டேன். சமையலறை வாசலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். "மாமா, அன்னிக்குப் படகுல நீங்க லைட்ட அணைச்சீங்களா?"

அவர் டம்ளரை வைத்தார். முகம் சுண்டிப்போனது. "ஏம்மா, பெத்த பிள்ளையோட பொழப்புல நான் மண்ணள்ளிப் போடுவேனா? கடல்ல லைட்டு வேணும்னு எனக்குத் தெரியாதா? என் மேல ஆணையா நான் தொடல" என்றார். சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்து போனார். போகும்போது சமையலறை லைட்டை அணைத்துவிட்டுப் போனார்.

நான் கையில் கரண்டியோடு இருட்டில் நின்றேன். கத்த வாயெடுத்தேன். கத்தவில்லை. எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது.

விசாரணை துறைமுக ஆபீசில். ஒரு காலத்தில் கயிறு போட்டு வைக்கிற அறையாக இருந்ததாம், ஜன்னலே கிடையாது. பகலிலும் ஒரு டியூப் லைட் எரிந்தது. ஸ்விட்ச் கதவுக்கு வலது பக்கம் இருந்தது. உள்ளே நுழைந்ததும் நான் பார்த்தது அதைத்தான்.

அதிகாரி ஒரு அம்மா. மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். மேஜை மேல் எங்கள் லாஞ்சுக்குப் பதில் பேப்பர் வெயிட்டும், மணல் படகுக்குப் பதில் ஸ்டேப்ளரும் வைத்திருந்தார். மணல் படகுக்காரர் ஸ்டேப்ளரைப் பிடித்து மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்து பேப்பர் வெயிட்டில் இடித்தார்.

"இப்படித்தான் வந்தேன் மேடம். கண்ணுக்கு ஒண்ணுமே தெரியல. கும்மிருட்டு."

"முன்னாடி பாத்துக்கிட்டுதான் வந்தீங்களா?"

"பாத்துக்கிட்டுதான் மேடம். நடுவுல கொஞ்சம் டீ போட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

"கொதிக்கிற வரைக்கும்."

அந்த அம்மா மாமா பக்கம் திரும்பினார். "பெரியவரே, லைட்டு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுதும்மா. என் பையன் போட்டான். நான் கண்ணால பாத்தேன்."

"அப்புறம் யாரு அணைச்சது?"

"நானும் தொடல, அவனும் தொடல."

"அப்போ அதுவா அணைஞ்சுதா? ஸ்விட்ச் தானா நகருமா?"

மாமா விழித்தார். ஒரு பொய் சொல்லத் தெரிந்தவராக இருந்தால் அந்த இடத்தில் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பார். மணல் படகுக்காரர் ஸ்டேப்ளரைப் பார்த்துச் சிரித்தார். என் வீட்டுக்காரர் எழுந்து, "மேடம், நான்தான்..." என்று ஆரம்பித்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். தையல் விட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"சரி, எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க. யோசிச்சுச் சொல்றேன்" என்றார் அதிகாரி.

"நீங்க முதல்ல போங்க" என்று என் வீட்டுக்காரரைத் தள்ளினேன். மணல் படகுக்காரர் இடித்ததை இன்னொரு தடவை காட்ட ஆசைப்பட்டு அங்கேயே நின்றார். நான் கைப்பையில் இல்லாத ஒன்றைத் தேடினேன். "மாமா, நீங்க போங்க, நான் வந்துடறேன்" என்றேன்.

மாமா எழுந்தார். செருப்பைச் சரியாக மாட்டினார். கதவை நோக்கி நடந்தார். கை எழுந்தது. அப்போது கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பார். நான் கூப்பிடவில்லை.

அறை இருண்டது. ஸ்டேப்ளர் கீழே விழுந்தது.

"யாரு லைட்ட அணைச்சது?" என்று இருட்டிலிருந்து அதிகாரியின் குரல் கேட்டது.

வெளியிலிருந்து மாமாவின் குரல் சாதாரணமாக வந்தது. "யாருமில்லாத எடத்துல எதுக்கு..."

அதோடு நின்றுவிட்டது.

"நாங்க மூணு பேரு இருக்கோம் பெரியவரே" என்றார் அதிகாரி.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஸ்விட்ச் சத்தம் கேட்டது, டியூப் லைட் இரண்டு தடவை துடித்து எரிந்தது. மாமா வாசலில் நின்றுகொண்டிருந்தார். கை இன்னும் ஸ்விட்சின் மேலேயே இருந்தது. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திறந்திருந்த என் கைப்பையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. ஐயோ என்று இருந்தது.

உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "எழுதிக்கோங்கம்மா. பையன் லைட்டப் போட்டான். போர்வை எடுக்க உள்ள போகும்போது நான் அணைச்சிருக்கேன்."

"அணைச்சது ஞாபகம் இருக்கா?"

"இல்ல. இப்ப அணைச்சதும் ஞாபகம் இல்ல." வலது கையை மடியில் வைத்து மூடிக்கொண்டார். "நான் தொடலன்னு ஆணையிட்டேன்மா. என் மருமக கிட்ட ஆணையிட்டேன்."

மணல் படகுக்காரர் வாயைத் திறந்தார். "நீங்க இருங்க" என்றார் அதிகாரி. "லைட்டு இல்லன்னாலும் உங்களுக்குக் கண்ணு இருந்துச்சு. அத டீயில வச்சிருந்தீங்க."

முடிவு அங்கேயே ஆகிவிட்டது. விளக்கு போடப்பட்டது, படகில் இருந்தவரால் தெரியாமல் அணைக்கப்பட்டது. லைசென்ஸ் தப்பித்தது. என் வீட்டுக்காரருக்கு ஒரு எச்சரிக்கை, மணல் படகுக்காரருக்கு ஒரு எச்சரிக்கை, அவரவர் படகை அவரவர் சரி பண்ணிக்கொள்ள வேண்டியது. எனக்கு எச்சரிக்கை எதுவும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து மாமா எந்த ஸ்விட்சையும் தொடவில்லை. கதவைத் தாண்டும்போது வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு தாண்டினார். என்னிடம் கோபமாகப் பேசியிருந்தால் சமாளித்திருப்பேன். மரியாதையாகப் பேசினார். "தண்ணி கிடைக்குமாம்மா" என்றார். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் அப்படிக் கேட்டதில்லை.

அப்புறம்தான் ஒன்று தெரிந்தது. எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் லைட்டை அணைக்கும் பழக்கமே இல்லை. எப்படி இருக்கும்? அணைப்பதற்குத்தான் அவர் இருந்தாரே. பாத்ரூம் லைட் பட்டப்பகலில் எரிந்தது. மாடிப்படி லைட் எரிந்தது. இவர் கண்ணில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கினார். மகள் மட்டும் டார்ச் லைட்டைக் கீழே வைக்கவில்லை. "தாத்தா எந்த நேரமும் மனசு மாறலாம்" என்றாள். மீட்டர் தலைதெறிக்க ஓடியது. மாமா அதைப் போய்ப் பார்க்கக்கூட இல்லை.

எத்தனை வருஷம் கத்தியிருப்பேன், இந்த வெளிச்சத்துக்காக. கிடைத்துவிட்டது. அதில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட முடியவில்லை.

ஒருநாள் காலையில் வெயில் ஏறிய பிறகும் ஹால் லைட் எரிந்துகொண்டிருந்தது. மாமா சமையலறை ஸ்டூலில் பேப்பரைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, அந்த ஹால் லைட்ட கொஞ்சம் அணைச்சிடுங்களேன்."

அவர் நிமிரவில்லை. "நீயே அணைச்சுடும்மா."

"கையெல்லாம் ஈரம் மாமா. ஷாக் அடிச்சா என்ன பண்றது?"

என் கையைப் பார்த்தார். கை காய்ந்துதான் இருந்தது. நான் அதை மறைக்கவும் இல்லை.

"நான் அன்னிக்குச் செஞ்சது தப்பு மாமா" என்றேன். "வேற வழி தெரியல."

அவர் பேப்பரை இன்னொரு மடிப்பு மடித்தார். பிறகு, "கயிறு ரூமுக்கு ஒரு ஜன்னல் வச்சிருந்தா அந்த டியூப் லைட்டே வேணாம். எவ்வளவு யூனிட் வீணாப் போகுது" என்றார்.

பேப்பரை ஸ்டூலில் வைத்துவிட்டு எழுந்து போனார். ஹால் வாசலில் நின்றார். கை ஸ்விட்ச் வரைக்கும் போய்ப் பாதியில் நின்றது.

"உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று காலி ஹாலைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்.

பதில் வருகிறதா என்று காத்திருந்தார். பிறகு அணைத்தார்.