சமத்துவச் செம்மல் சொன்ன பதில்

சமத்துவச் செம்மல் என்ற பட்டத்தை அந்த உறுப்பினருக்கு யாரும் கொடுக்கவில்லை. சுவரொட்டி அடிக்கிற இடத்துக்கு அவரே சொல்லியனுப்பிப் போட்டுக்கொண்டது. சட்டமன்றத்தில் பன்னிரண்டு வருடம் குப்பை கொட்டியவர். உரிமை, சமத்துவம் என்று தொண்டை கிழியப் பேசாத நாளில்லை, உருப்படியாக ஒன்று செய்த நாளுமில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆண், பெண், ஏழை, பணக்காரர் என்று பேதமே பார்க்காமல் எல்லாரையும் ஒரே மாதிரி ஏமாற்றினார்.

அன்றைக்கு அவர் வந்திருந்தது காது கேளாதோர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு. இருநூறு பேர் இருப்பார்கள். மேடையில் அவருக்கு இடப்பக்கம் சைகை மொழிபெயர்ப்பாளர் நின்றாள். அவர் பேசுவதைக் கையால் சபைக்குச் சொல்வதும், சபை கையால் கேட்பதை வாயால் அவருக்குச் சொல்வதும் அவள் வேலை. கூப்பிட்டால் போவது, கூப்பிடாவிட்டால் வீட்டில் உட்கார்ந்திருப்பது என்று ஆறு வருடமாக ஓடிக்கொண்டிருந்த பிழைப்பு அது. இன்றோடு அதற்கு விடிவு. சட்டமன்றத்தின் உரிமைக் குழுவில் அவளுக்கு நிரந்தர வேலை. ஆணை தயாராகி உதவியாளரின் கோப்பில் இருந்தது. குழுவின் தலைவர் செம்மல்தான். கூட்டம் முடிந்ததும் கையெழுத்துப் போடுவார். காலையில் உதவியாளர் அதைத் திறந்து காட்டி, "ஐயா மனசு கோணாம பாத்துக்கங்கம்மா" என்று வேறு சொல்லியிருந்தார்.

செம்மல் பேசினார். சமத்துவம் தன் மூச்சு என்றார், கடைசிச் சொட்டு ரத்தம் உள்ளவரை என்றார். அந்த ரத்தத்தில் ஒரு சொட்டாவது இதுவரை எந்தக் குழுக்கூட்டத்திலும் சிந்தியதாகத் தகவல் இல்லை. அவளுக்கோ கை வலித்தது. ஒரு பெரியவரைக் கட்டிப்பிடித்து அவர் படமெடுத்துக்கொண்டதும், செய்திக்காரர்கள் வந்த வேலை முடிந்தது என்று நடையைக் கட்டினார்கள்.

பிறகு கேள்வி நேரம். முதல் வரிசையிலிருந்து எழுந்தவன் அவளுடைய அண்ணன். புத்தகம் கட்டும் தொழிலாளி, பிறவியிலேயே காது கேட்காதவன். அவளுக்குச் சைகை மொழி வந்ததே அவனோடு சண்டை போட்டுத்தான். போன வருடம் கடைத்தெருவில் ஏதோ திருட்டு. நில் என்று பின்னாலிருந்து போலீஸ்காரர் கத்தியது அவனுக்குக் கேட்கவில்லை, நடந்துகொண்டே இருந்தான். பிடித்துக்கொண்டு போய்க் கேள்வி கேட்டார்கள், பதில் வரவில்லை. திமிர் என்று முடிவு கட்டி இரண்டு நாள் பூட்டி வைத்தார்கள். காவல் நிலையமோ நீதிமன்றமோ, காது கேளாதவரை விசாரித்தால் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டே ஆகவேண்டும் என்று ஒரு மசோதா வந்ததும், அது செம்மலின் குழுவில் பத்து மாதமாகத் தூங்குவதும் அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

அண்ணன் கை நிதானமாக அசைந்தது. தங்கை அதற்குக் குரல் கொடுத்தாள்.

"என்னை எதுக்குப் பூட்டினாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. எங்க மசோதாவை எப்ப ஓட்டுக்கு விடுவீங்க?"

செம்மல் சிரித்த முகம் மாறாமல் உதவியாளர் பக்கம் சாய்ந்தார். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. செவிடன் முன்னால் என்ன ரகசியம் என்ற எண்ணம். மொழிபெயர்ப்பாளர் ஒருத்தி கூப்பிடு தூரத்தில் நிற்பது, ஒலிபெருக்கிக் கம்பி நிற்பதுபோலத்தான் அவருக்கு.

"அதைக் கிடப்புல போடச் சொன்னதே நான்தானய்யா. ஊமைங்களுக்கு எதுக்குச் சட்டம்? படம் எடுத்தாச்சில்ல, சீக்கிரம் முடி."

உடனே சபைப் பக்கம் திரும்பி, அருமையான கேள்வி, இந்தச் சகோதரரின் வேதனை என் வேதனை என்று தேனாக ஒழுகத் தொடங்கினார்.

மொழிபெயர்ப்பவர் எப்போதும் பேசுபவருக்கு ஒரு வாக்கியம் பின்னால்தான் இருப்பார். அவளிடம் இப்போது இரண்டு பதில் இருந்தது. ஒன்றை விழுங்கிவிட்டால் மத்தியானம் கையில் ஆணை. பயமாகத்தான் இருந்தது. அதைவிட அந்த மனிதரைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. காதுள்ள சபையாக இருந்தால் அவர் சொன்னது எல்லார் காதிலும் விழுந்திருக்கும். காதில்லை என்பதற்காக மறைத்தால், அவருக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்?

அவள் கையை உயர்த்தி, அவரைச் சுட்டிக்காட்டிவிட்டு, முதலில் சொன்னதைச் சொன்னாள். ஒரு சொல் விடவில்லை. ஊமை என்பதற்கு அவர்களிடம் ஒரு பழைய சைகை உண்டு, யாரும் தங்களுக்குள் போடாத சைகை. அதையும் போட்டாள்.

அண்ணன் செம்மலை நன்றாக ஒருமுறை பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். சின்ன வயதுச் சண்டையில் அவன் இப்படி மூடிக்கொண்டால் தீர்ந்தது. அதற்குமேல் யாரும் அவனிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. பக்கத்தில் இருந்தவர் மூடினார். வரிசை வரிசையாக மூடினார்கள்.

செம்மல் பாதியில் நிறுத்தினார்.

"என்னம்மா, எல்லாரும் தூங்கிட்டாங்களா?"

"இல்லைங்க ஐயா. உங்க பேச்சைக் கேக்க மாட்டேங்கிறாங்க. நீங்க உதவியாளர்கிட்ட சொன்னதை அப்படியே சொன்னேன்."

அவர் உதவியாளரை ஒரு பார்வை பார்த்தார். உதவியாளர் கோப்பைத் திறந்து, அந்த ஒரு தாளை மட்டும் உருவி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆறு வருடக் காத்திருப்பு அதோடு போயிற்று. அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் இவர் முன்னாலா என்று அடக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கி, அண்ணன் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

செம்மல் தொண்டையைச் செருமினார். எழுதிக்கொடுத்த பேச்சில் இன்னும் இரண்டு பக்கம் பாக்கியிருந்தது, ஒலிபெருக்கியும் அவர் கையிலேயே இருந்தது. எத்தனை தடை வந்தாலும் குரலற்றவர்களின் குரலாக ஒலிப்பேன் என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

அவளும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். என்ன பிரயோசனம், பாவி மகளுக்குக் காது நன்றாகக் கேட்டது.