கள்ளத் திறப்பு

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு வீதியில் கொஞ்சம் தள்ளி நெல் விதைக்கும் கமக்காரரின் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் முகாமையாளர் வீரகத்தியை இடுப்பில் திறப்புக் கோர்வை, அதுதான் சாவிக்கொத்து, இல்லாமல் யாரும் கண்டதில்லை. விதைநெல் களஞ்சியம், அலுமாரி, மேசை லாச்சி, கழிப்பறை என்று மொத்தம் பதினாறு திறப்புகள். ஒன்றுக்குப் போவதென்றாலும் அவரிடம் கைநீட்ட வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி இவர்தான்.

யதுர்ஷிகா அங்கே நான்கு வருடமாகத் தற்காலிகத் தட்டச்சுக்காரி. கார்த்திகையில் அவளுக்கு முப்பது முடிகிறது. அதற்குள் நிரந்தரமாகாவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான், சங்கத்து விதி அப்படி. ஆய்வுக்கு வரும் அதிகாரி அவளுக்காக ஒரு வரி எழுதிவிட்டால் போதும். அந்த ஒரு வரிக்காகத்தான் அவள் சங்கத்துக் கந்தோரில் இருந்த கிழட்டுக் கணினியோடு மல்லுக்கட்டினாள்.

காலையில் அதைப் போட்டுவிட்டு, தேத்தண்ணி குடித்து, கோப்பையும் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் எழும்பியிருக்காது. வவுனியாவில் கணினி திருத்தும் அண்ணன் நிரோஜன், உடைந்த மடிக்கணினியிலிருந்து கழற்றிய வேகமான எஸ்.எஸ்.டி. வன்தட்டு ஒன்றை, பழைய மெஷினில் பொருத்தும் அட்டையோடு கொடுத்தான். விரல் நீளம்தான் இருக்கும். அதில் லினக்ஸ் இயங்குதளத்தையும் சங்கத்து விபரங்களையும் ஏற்றினாள். ஆனால் அப்படி ஒரு சாமான் உலகத்தில் உண்டென்றே அந்த மெஷினுக்குத் தெரியவில்லை. வன்தட்டு இல்லை என்று எழுதிக் காட்டிவிட்டு இடித்த புளி போல நின்றது.

மூன்று வாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் அவள் மண்டையை உடைத்தாள். கடைசியில், லினக்ஸை எழுப்பிவிடும் சின்னப் பகுதியை மட்டும் ஒரு பென் டிரைவில் வைத்தாள். மெஷின் பென் டிரைவைப் பார்த்து எழும்பும். எழும்பிய லினக்ஸுக்கு எஸ்.எஸ்.டி.யைத் தெரியும், மிச்சமெல்லாம் அதில் ஓடும். இருபது செக்கனில் திரை வந்தபோது தன்பாட்டில் கைதட்டினாள் பாவம்.

"உது என்ன பின்னால துருத்திக்கொண்டு நிக்குது?" என்று கேட்டார் வீரகத்தி.

"எடுத்துப் போடாதேங்கோ சேர். அது இல்லாட்டி மெஷின் எழும்பாது."

"விளங்கேல்லை. விளங்கப்படுத்தும்."

இரண்டு தரம் விளங்கப்படுத்தினாள். அவர் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. "இதின்ரை திறப்பு எண்டு வையுங்கோவன்," என்றாள்.

நுணலும் தன் வாயால் கெடும். அன்று பின்னேரம் வீரகத்தி பென் டிரைவைக் கழற்றி, அதன் ஓட்டைக்குள் வளையத்தைக் கொழுவிப் பதினேழாவது திறப்பாக இடுப்பில் செருகிக்கொண்டார். "திறப்பெண்டா என்னட்டையெல்லோ இருக்கோணும்."

அதன்பிறகு ஒவ்வொரு காலையும் அவள் அவருடைய மேசைக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். அவர் பேப்பரை முழுக்க வாசித்து முடிப்பார், மரண அறிவித்தல் உட்பட. பிறகு தானே வந்து செருகுவார். அந்தக் கோர்வையோடு வாய்க்காலில் இறங்கிக் கால் கழுவுவதையும் அவள் கண்டாள். ஒருநாள் விழுந்து தொலைந்தால் ஆயிரத்து நானூறு கமக்காரரின் விபரமும் பூட்டியபடி கிடக்கும். ஆகவே, அது மெஷினில் செருகியிருந்த ஒரு காலையில் இன்னொரு பென் டிரைவில் பிரதி எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். எதற்கும் ஒரு பிரதி வைத்திரு என்பது கணினி படித்தவர்களின் முதல் பாடம். வீரகத்தி படித்த பாடம் வேறு. பிரதி எடுத்ததை அவரிடம் சொல்லாமல் விட்டாளே, அந்த விசரை என்ன சொல்ல!

ஆய்வு நாளன்று வீரகத்தி கந்தோரைத் திறந்துவிட்டு, அதிகாரிக்குக் கடிக்க ரோல்ஸ் வாங்கக் கிளிநொச்சிக்குப் போனார். அதிகாரி ஜனார்த்தனன் ஒரு மணித்தியாலம் முந்தியே வந்துவிட்டார். வந்தவுடன் அங்கத்தவர் பட்டியலைக் கேட்டார். யதுர்ஷிகா வீரகத்திக்குப் போன் எடுத்தாள்.

"நான் வந்துதான் திறப்பன். அவரை இருக்கச் சொல்லும்."

அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். "எனக்குப் பதினொரு மணிக்கு வேறை இடம் இருக்குது தங்கச்சி. பட்டியல் இல்லையெண்டு எழுதட்டோ?"

அவள் கைப்பையைத் திறந்தாள்.

இருபது செக்கன். பட்டியல் கிராமம் கிராமமாகத் திரையில் விரிந்தது. "இது பழைய மெஷினெல்லோ? ஆர் செய்தது?" என்று அதிகாரி கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அவள் சொன்னாள். "உங்களை இன்னும் நிரந்தரமாக்கேல்லையோ? நான் எழுதிறன்," என்று பேனையின் மூடியைக் கழற்றினார். அவளுக்கு நெஞ்சு நிறைந்து கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் ரோல்ஸ் பையோடு வீரகத்தி உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். கை இடுப்புக்குப் போனது. பதினேழும் இருந்தன.

"ஆர் திறந்தது?"

"நான்தான் சேர்."

"என்னத்தால?"

அவள் மெஷினின் பின்பக்கத்தைக் காட்டினாள். வீரகத்தி பையை மெதுவாக மேசையில் வைத்தார். "கள்ளத் திறப்பு," என்றார்.

அதிகாரியின் பேனை நின்றது. போன வருடம் அவருடைய பொறுப்பிலிருந்த ஒரு களஞ்சியத்தில் கள்ளத் திறப்புப் போட்டு விதைநெல் முழுவதையும் கள்ளர் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த விசாரணையில் அவர் ஆறு மாதம் அலைந்தவர்.

"எவ்வளவு நாளா வச்சிருக்கிறியள்?"

"நாலு மாதம். சேர், இது திறப்பில்லை, ஒரு பிரதி..."

"திறப்பெண்டு சொன்னது நீரெல்லோ?" என்றார் வீரகத்தி.

"ஓம். உங்களுக்கு விளங்கிறதுக்காகச் சொன்னனான்."

"விளங்கிச்சுது பிள்ளை. நல்லா விளங்கிச்சுது."

அதிகாரி அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. பேனையை மூடிப் பொக்கற்றில் போட்டார். நம்பிக்கை இல்லாத ஆளைக் களஞ்சியம் உள்ள இடத்தில் வைத்திருப்பது முறையில்லை, இன்றைக்கே வேலையிலிருந்து நிற்பாட்டிக் கடிதம் கொடுங்கள் என்று வீரகத்தியிடம் சொன்னார். ஒரு ரோல்ஸும் எடுத்துக்கொண்டார்.

கடிதம் அடிக்க அந்தக் கந்தோரில் வேறு ஆளில்லை. "இரும்," என்று வீரகத்தி கதிரையைக் காட்டினார். அவர் சொல்லச் சொல்ல யதுர்ஷிகா அடித்தாள். ஒரு எழுத்தும் பிழைக்கவில்லை. 'மாற்றுத் திறப்பு' என்று அவளாக அடித்த இடத்தில் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"அதை அழியும். கள்ளத் திறப்பு எண்டு போடும்."

அழித்தாள். போட்டாள்.

"ரெண்டு பிரதி எடும் பிள்ளை," என்றார் வீரகத்தி. "ஒண்டு உமக்கு."